பட்டியலில் இல்லாத சர்வர்: இன்வென்ட்டரி ஃபைல் ஒரு எளிய பாடம்

சில வருடங்களுக்கு முன் நடந்த கதை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு இணையதளத்தின் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் குழுவில் இருந்தேன். காலை பதினொரு மணி வாக்கில் தூத்துக்குடி பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து போன் வந்தது. கணினி மையம் நடத்தும் தம்பி பேசினார்.

"அண்ணே, ரீஃப்ரெஷ் பண்ணினா ஒரு தடவை சைட் வருது, இன்னொரு தடவை 'பாதுகாப்பு இல்லை'ன்னு வருது. இங்க ஒரு அக்கா மகளைக் கூட்டிட்டு காலையிலிருந்தே நிக்காங்க. சர்வர் டவுனா?"

சர்வர் டவுன் இல்லை. அந்தத் தளத்தை நான்கு சர்வர்கள் நடத்தின. அவற்றில் மூன்றின் பாதுகாப்புச் சான்று முந்தைய வாரமே தானியங்கி முறையில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. நான்காவது சர்வருக்குப் புதுப்பிக்கவில்லை. ஏன்? கூட்டம் அதிகமான சமயத்தில் அவசரமாகச் சேர்த்த சர்வர் அது. அதை யாரும் பட்டியலில் எழுதவில்லை. வேலையை முடித்த மென்பொருள், "மூன்றும் வெற்றி" என்று பச்சை எழுத்தில் சொல்லியிருந்தது. பட்டியலில் இருந்ததே மூன்றுதானே!

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. சரிசெய்ய ஐந்து நிமிடம்தான். அந்த அக்காவின் விண்ணப்பம் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஆனால் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அந்த ஒரு வரிப் பட்டியலைப் பற்றியதுதான் இந்தப் பாடம். கணினித் துறையில் இதை 'இன்வென்ட்டரி' என்பார்கள். நம் வழக்கில் சொன்னால், சர்வர்களின் இருப்புப் பதிவேடு.

சர்வர் ஒன்றல்ல, பல

கைபேசியில் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிவது ஒரே பக்கம். ஆனால் பின்னால் பக்கத்தைக் காட்டுவது ஒரு சர்வர், விவரங்களைச் சேமிப்பது இன்னொன்று, ஓடிபி அனுப்புவது வேறொன்று. கூட்டம் அதிகமானால் ஒரே வேலைக்கு நான்கைந்து சர்வர்களை நிறுத்துவார்கள். முன்னால் இருக்கும் ஒரு கருவி, வருபவர்களை அவற்றுக்கு மாற்றி மாற்றி அனுப்பும். நான்கில் ஒன்று பழுதானால், சுமார் நான்கில் ஒரு முறை உங்களுக்குப் பிழை வரும். "ஒரு தடவை வருது, ஒரு தடவை வரல" என்பதன் இரகசியம் பல நேரங்களில் இதுதான்.

நான்கு சர்வர்களைக் கையால் பராமரிக்கலாம். நானூறை முடியாது. அதனால்தான் தானியங்கி மென்பொருள்கள் வந்தன. அவற்றில் பரவலாகப் பயன்படுவது ஆன்சிபிள். மைக்கேல் டிஹான் என்பவர் உருவாக்கி, 2012-ல் வெளிவந்த திறமூல மென்பொருள் இது. 2015-ல் ரெட் ஹாட் நிறுவனம் இதை வாங்கியது. எழுத்தாளர் அர்சுலா கே. லி குவின் 1966-ல் வெளிவந்த நாவலில் உருவாக்கிய சொல்தான் 'ஆன்சிபிள்'. எவ்வளவு தொலைவு இருந்தாலும் உடனே செய்தி சொல்லும் கற்பனைக் கருவி அது.

ஆன்சிபிளுக்கு இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். என்ன செய்ய வேண்டும்? யாரிடம் செய்ய வேண்டும்? முதல் கேள்விக்கான பதில் 'பிளேபுக்' என்ற ஃபைலில் இருக்கும். இரண்டாவதற்கான பதில்தான் இன்வென்ட்டரி. முதலாவது எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டாவதில் ஒரு வரி விட்டுப்போனால், மேலே சொன்ன கதைதான்.

பாடம் 1: பெயர் வேறு, இடம் வேறு

இதைப் புரிந்துகொள்ள தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குப் போவோம். 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-ல் வ.உ.சி. பெயர் சூட்டப்பட்டது. அங்கே அடுக்கியிருக்கும் கண்டெய்னர்களின் கதவைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 11 எழுத்து, எண் கொண்ட அடையாளம் இருக்கும். முதல் மூன்று எழுத்து உரிமையாளரைக் குறிக்கும், நான்காவது எழுத்து வகையைக் குறிக்கும். அடுத்த ஆறு இலக்கம் வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். முந்தைய பத்தையும் வைத்துக் கணக்கிடுவது அது. யாராவது ஒரு எண்ணைத் தவறாகத் தட்டினால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அந்த அடையாளம் மாறாது. ஆனால் கண்டெய்னர் இருக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று யார்டில், நாளை கப்பலில். கப்பலில் ஏறியதும் எந்தப் பகுதி, எந்த வரிசை, எந்த அடுக்கு என்று ஆறு இலக்கத்தில் இடத்தைச் சொல்வார்கள். பெயர் ஒன்று, இடம் வேறு.

சர்வருக்கும் அப்படித்தான். எளிய இன்வென்ட்டரி ஃபைல் இது. (உண்மையில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். வாசிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறோம். பெயர்கள் கற்பனை. எண்கள், பாடங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே உலக அளவில் ஒதுக்கப்பட்டவை.)

[வெப்]
வெப்01 ஆன்சிபிள்_ஹோஸ்ட்=192.0.2.11
வெப்02 ஆன்சிபிள்_ஹோஸ்ட்=192.0.2.12
வெப்03 ஆன்சிபிள்_ஹோஸ்ட்=192.0.2.13
வெப்04 ஆன்சிபிள்_ஹோஸ்ட்=192.0.2.14

[டேட்டா]
டேட்டா01 ஆன்சிபிள்_ஹோஸ்ட்=192.0.2.21
டேட்டா02 ஆன்சிபிள்_ஹோஸ்ட்=192.0.2.22

சதுர அடைப்புக்குள் இருப்பது குழுவின் பெயர். கீழே வரிக்கு ஒரு சர்வர். 'வெப்01' என்பது நாம் வைத்த பெயர். சமக்குறிக்குப் பின்னால் இருப்பது முகவரி. நாளை அந்த சர்வரை வேறு இடத்துக்கு மாற்றினால் முகவரியை மட்டும் திருத்தினால் போதும். 'வெப்01' என்று குறிப்பிடும் மற்ற ஃபைல்கள் எதையும் தொட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கண்டெய்னருக்கு இருக்கிற சரிபார்ப்பு எண் இங்கே கிடையாது. ஓரிடத்தில் 'வெப்04' என்றும் இன்னோரிடத்தில் 'வெப்4' என்றும் எழுதிவிட்டால், ஆன்சிபிள் அவற்றை இரண்டு தனித்தனி சர்வர்களாகவே எடுத்துக்கொள்ளும். கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

பெயர்கள் ஒரே வரிசையில் இருந்து, அந்தப் பெயரை வைத்தே சர்வரைக் கண்டுபிடிக்க முடியுமென்றால், நான்கு வரிக்குப் பதில் ஒரே வரி போதும்:

வெப்[01:04]

01 முதல் 04 வரை என்று பொருள். இரண்டு முனையும் சேர்த்தி.

பாடம் 2: ஒரே சர்வர், பல குழு

துறைமுகத்தில் ஒரே கண்டெய்னர் பல கணக்கில் வரும். இறால் ஏற்றிய குளிர்பெட்டி ஒன்று, 'மின் இணைப்பு தேவை' என்ற கணக்கிலும் இருக்கும், 'நாளைய கப்பல்' என்ற கணக்கிலும் இருக்கும். பெட்டி ஒன்றுதான், பார்க்கிற கோணம்தான் வேறு.

சர்வரையும் மூன்று கேள்வி கேட்டுக் குழு பிரிப்பது நல்ல வழக்கம்: என்ன வேலை செய்கிறது? எங்கே இருக்கிறது? மக்கள் பயன்பாட்டில் இருக்கிறதா, சோதனையில் இருக்கிறதா?

[கரை]
வெப்01
வெப்02
டேட்டா01

[உள்நாடு]
வெப்03
வெப்04
டேட்டா02

[சேவை:சில்ட்ரன்]
வெப்
டேட்டா

'வெப்01' இப்போது 'வெப்' குழுவிலும் 'கரை' குழுவிலும் இருக்கிறது. கடைசிப் பகுதியில் 'சில்ட்ரன்' என்றால் பிள்ளைக் குழுக்கள். 'சேவை' என்று ஒரு சொல் சொன்னால் ஆறு சர்வர்களும் அடங்கிவிடும்.

இடத்தை வைத்துப் பிரிப்பது எதற்கு என்று தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அப்படியொரு இரவில், "கரையில் இருப்பதை நிறுத்தி, உள்நாட்டில் இருப்பதற்கு எல்லாவற்றையும் மாற்று" என்று ஒரே கட்டளையில் சொல்ல வேண்டுமானால், எது கரை, எது உள்நாடு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறும்போது உட்கார்ந்து பட்டியல் போட முடியாது.

நாம் எழுதாமலேயே ஆன்சிபிள் வைத்திருக்கும் குழுக்கள் இரண்டு. 'ஆல்' என்பதில் எல்லா சர்வரும் இருக்கும். 'அன்குரூப்ட்' என்பதில், நாம் எந்தக் குழுவிலும் சேர்க்காமல் விட்டவை இருக்கும். மாதம் ஒரு முறை இந்த இரண்டாவதை எட்டிப் பாருங்கள். "இது எதுக்கு இருக்கு?" என்று யாரும் பதில் சொல்ல முடியாத சர்வர் அங்கேதான் கிடக்கும்.

குழுப் பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் போதும். இடைவெளியும் சிறுகோடும் வேண்டாம்.

பாடம் 3: பொது விதி, தனி விதி

குளிர்பெட்டிக்கே திரும்புவோம். உறைந்த மீன், இறால் பெட்டிகளுக்கு பொதுவாக மைனஸ் 18 டிகிரி. ஆனால் அதே வரிசையில் ஒரு பெட்டியில் வாழைக்காய் இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 13 டிகிரி வேண்டும். பொது விதியை அதற்கும் போட்டால் சரக்கு நாசம். ஆகவே குழுவுக்கு ஒரு விதி, தனிப்பெட்டிக்கு ஒரு விதி. இரண்டும் மோதினால் தனி விதி ஜெயிக்கும்.

இன்வென்ட்டரியில் இப்படிப்பட்ட விவரங்களை 'வேரியபிள்' என்பார்கள். உண்மையான உதாரணம் ஒன்று. இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவில், கணினிகளின் பதிவுக் குறிப்புகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. எல்லாக் கணினியின் கடிகாரமும் அங்கீகரிக்கப்பட்ட நேரத்தோடு ஒத்துப்போகவும் சொல்கிறது. இது எல்லா சர்வருக்கும் பொது. எனவே:

[ஆல்:வார்ஸ்]
பதிவு_நாட்கள்=180

[டேட்டா:வார்ஸ்]
பதிவு_நாட்கள்=365

டேட்டா சர்வருக்கு ஒரு வருடம் வேண்டும் என்று அலுவலகம் முடிவெடுத்தால், இரண்டாவது விதி முதலாவதை மீறும். 'டேட்டா01' வரியிலேயே வேறு எண் எழுதினால் அது இரண்டையும் மீறும். ஒழுங்கு இதுதான்: ஆல், அதற்கு மேல் தாய்க்குழு, அதற்கு மேல் பிள்ளைக்குழு, எல்லாவற்றுக்கும் மேல் தனி சர்வர்.

ஒரே நிலையில் உள்ள இரண்டு குழுக்கள் மோதினால்? 'கரை' ஒரு எண், 'வெப்' ஒரு எண் சொல்கிறது. வெப்01 இரண்டிலும் இருக்கிறது. ஆன்சிபிள் குழுப் பெயர்களை அகர வரிசையில் எடுத்து, கடைசியாக வருவதை வைத்துக்கொள்ளும். அதாவது, உங்கள் சர்வர் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பெயரின் முதல் எழுத்து முடிவு செய்யும்! அப்படி விடாதீர்கள். ஒரு விவரத்தை ஒரே வகைக் குழுவில் மட்டும் எழுதுங்கள்.

விவரங்கள் பெருகினால் 'குரூப்_வார்ஸ்', 'ஹோஸ்ட்_வார்ஸ்' என்று இரண்டு கோப்புறை வைத்து, குழுவுக்கு ஒரு ஃபைல், சர்வருக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துவிடலாம். ஆன்சிபிள் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

பாடம் 4: யாமல் வடிவம்

மேலே பார்த்தது 'இனி' வடிவம். இதே செய்தியை 'யாமல்' வடிவத்திலும் எழுதலாம்:

ஆல்:
  சில்ட்ரன்:
    வெப்:
      ஹோஸ்ட்ஸ்:
        வெப்01:
          ஆன்சிபிள்_ஹோஸ்ட்: 192.0.2.11
        வெப்02:
          ஆன்சிபிள்_ஹோஸ்ட்: 192.0.2.12

இதில் உள்ளடக்கம்தான் உயிர். எது எதற்குள் அடங்கும் என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் சொல்கிறது. ஸ்பேஸ் மட்டும் பயன்படுத்துங்கள். டேப் விசையைத் தொடாதீர்கள். ஹோஸ்ட்ஸ் என்ற வரியை மறந்து, சர்வரைக் குழுவுக்கு அடியிலேயே எழுதுவதுதான் புதிதாகக் கற்பவர்கள் அதிகம் செய்யும் தவறு.

எது நல்லது? பத்து சர்வருக்கு இனி வடிவம் போதும். விவரங்கள் பெருகினால் யாமல் வசதி.

எந்த வடிவமாக இருந்தாலும் பாஸ்வேர்டை இன்வென்ட்டரியில் எழுதக் கூடாது. பட்டியல் பலர் கண்ணில் படும். இரகசியங்களைப் பூட்டி வைக்க 'ஆன்சிபிள் வால்ட்' என்ற வசதி உண்டு. அப்புறம், பட்டியலில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று தெரிய 'கிட்' என்ற பதிப்புப் பதிவில் வையுங்கள்.

பாடம் 5: பட்டியலைக் கடலோடு ஒப்பிடு

தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி வளரும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. தொள்ளாயிரம் பார் அவற்றில் புகழ்பெற்றது. எந்தப் பார் எங்கே இருக்கிறது என்று பதிவேடு இருந்தது. ஆனால் பதிவேட்டை மட்டும் நம்பி யாரும் முத்துக்குளிப்பு அறிவிக்கவில்லை. முன்கூட்டியே படகில் போய், ஆளை இறக்கி, சிப்பியை எடுத்து எண்ணிப் பார்த்த பிறகுதான் முடிவு. காரணம், ஒரு பருவத்தில் மண்டிக் கிடந்த சிப்பி அடுத்த சோதனையில் ஒன்றுகூட இல்லாமல் போனது பல முறை நடந்திருக்கிறது. இங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

இன்வென்ட்டரிக்கும் இதே சோதனை வேண்டும். ஃபைலைச் சரிபார்க்கக் கட்டளைகள் இருக்கின்றன:

1. 'ஆன்சிபிள்-இன்வென்ட்டரி --கிராஃப்': குழுக்களையும் சர்வர்களையும் மரம்போலக் காட்டும். எண்ணிப் பார்க்கலாம்.

2. 'ஆன்சிபிள் ஆல் -எம் பிங்': ஒவ்வொரு சர்வருக்குள்ளும் நுழைய முடிகிறதா என்று பார்க்கும்.

3. '--லிமிட்': முதலில் ஒரே ஒரு சர்வரில் மட்டும் வேலையைச் செய்து பார்க்கலாம்.

4. '--செக்': எதையும் மாற்றாமல், செய்தால் என்ன மாறும் என்று மட்டும் சொல்லும்.

பிளேபுக்கில் குழுப் பெயரைத் தப்பாக எழுதினால், ஆன்சிபிள் பொதுவாகச் சத்தம் போட்டு நிற்காது. "பொருந்தும் சர்வர் எதுவும் இல்லை" என்று ஒரு எச்சரிக்கை வரி போட்டுவிட்டு அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடும். அவசரத்தில் இருப்பவர் கண்ணில் அது படாது. ஆகவே முடிவில் 'வெற்றி' என்ற சொல்லைப் பார்க்காதீர்கள். எத்தனை சர்வர் என்ற எண்ணைப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. மேலே சொன்ன நான்கு கட்டளையும் பட்டியலில் *இருப்பதை* மட்டுமே சோதிக்கும். *இல்லாததை* அவற்றால் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் நான்காவது சர்வர் இந்த நான்கிலும் தப்பியிருக்கும். அதைப் பிடிக்க வேறொரு சாட்சி வேண்டும்: வருபவர்களைப் பிரித்து அனுப்பும் கருவியில் எத்தனை சர்வர் பதிவாகியிருக்கிறது? வாடகைக் கிளவுட் என்றால் பில்லில் எத்தனை? இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா? அன்றைக்கு எங்களில் ஒருவர் இதைக் கேட்டிருந்தால், அந்த அக்கா காலையிலேயே வீட்டுக்குப் போயிருப்பார்.

கிளவுடில் சர்வர்கள் நிமிடத்துக்கு நிமிடம் கூடிக் குறையும். அங்கே கையால் எழுதிய பட்டியல் தாங்காது. கிளவுடையே கேட்டு அந்த நேரத்துப் பட்டியலைத் தயாரிக்கும் 'டைனமிக் இன்வென்ட்டரி' அதற்கு உண்டு. அதிலும் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற விதியை மனிதர்தான் எழுதுகிறார்.

கைபேசியில் நீங்கள் செய்ய வேண்டியது

சர்வர் பராமரிப்பது உங்கள் வேலையல்ல. ஆனால் இப்படிப் பிழை வரும்போது இதையெல்லாம் கவனியுங்கள்.

* 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வந்தால், "பரவாயில்லை, தொடர்" என்பதைத் தட்டாதீர்கள். ஆதார் எண், ஓடிபி எதையும் கொடுக்காதீர்கள். கைபேசியின் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது தவறினாலும் இதே எச்சரிக்கை வரும்.

* முகவரியை ஒரு முறை வாசியுங்கள். அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' என்று முடியும்.

* விட்டு விட்டு வேலை செய்தால், வேலை செய்த நேரத்தையும் செய்யாத நேரத்தையும் குறித்து, ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். "சைட் வரல" என்ற புகாரைவிட, "11.05-க்கு வந்தது, 11.07-க்கு வரவில்லை" என்ற புகார் பத்து மடங்கு உதவும். மாநில அரசுச் சேவை தொடர்பான குறைகளை முதலமைச்சரின் உதவி மைய எண் 1100-ல் சொல்லலாம். பணம் ஏமாந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

* கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

பயிற்சி

1. 'வெப்[01:06]' என்று எழுதினால் எத்தனை சர்வர்?

2. ஆல் குழுவில் பதிவு_நாட்கள் 180. டேட்டா குழுவில் 365. டேட்டா02 வரியில் 730. டேட்டா01-க்கு எவ்வளவு? டேட்டா02-க்கு எவ்வளவு? வெப்03-க்கு எவ்வளவு?

3. வேலை முடிந்ததும் "5 சர்வர் வெற்றி, பிழை 0" என்று வருகிறது. உடனே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி என்ன?

விடை: 1) ஆறு. 2) 365, 730, 180. 3) "மொத்தம் எத்தனை இருக்க வேண்டும்?" இந்தக் கேள்விக்கான விடையை ஃபைலில் தேடாதீர்கள், வெளியே எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.